ஃபிரெடெரிக்ஸ்போர்க் அரண்மனை: திட்டமில்லாமல் போனாலும் அரை நாள் ஒதுக்குங்கள்

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் மதியம் இருந்த வேலை ரத்தானது. கையில் அரை நாள் மிச்சம் இருந்ததால், நானும் உடன் வந்த நண்பரும் எஸ்-ரயில் என்ற புறநகர் ரயிலில் ஏறி அதன் கடைசி நிறுத்தமான ஹில்லெரோடில் இறங்கினோம். ஏறக்குறைய 40 நிமிடப் பயணம், அப்புறம் ஊருக்குள் கொஞ்ச தூரம் நடை. கடைத்தெருவைத் தாண்டியதும் ஒரு ஏரி, அதற்குள் செங்கல் சுவர்களும் பச்சை படிந்த செம்புக் கோபுரங்களுமாக ஃபிரெடெரிக்ஸ்போர்க். மூன்று சின்னத் தீவுகளைப் பாலங்களால் இணைத்துக் கட்டியிருக்கிறார்கள், அதனால் உள்ளே போகப் போக ஒவ்வொரு வாசலாகத் தாண்டித்தான் மன்னரின் கட்டடத்தை நெருங்க முடிகிறது.

இதைக் கட்டியவர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியான். 1577-ல் இதே இடத்தில் பிறந்தவர். அப்பா இரண்டாம் ஃபிரெடெரிக் கட்டியதில் பெரும்பகுதியை இடித்துவிட்டு 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிதாக எழுப்பினார். தமிழர்களுக்கு இவர் அந்நியர் இல்லை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை எழும்பியது இவர் காலத்தில்தான். இந்த அரண்மனையின் வேலை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் டேனியக் கப்பல்களும் நம் கரைக்குப் புறப்பட்டிருக்கின்றன. அதை யோசித்துக்கொண்டே முற்றத்தில் நின்றபோது இடம் வேறு மாதிரி தெரிந்தது.

வெளிமுற்றத்து நெப்டியூன் நீரூற்றைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு பாருங்கள். அங்கே இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் செய்த நகல். அசல் வெண்கலச் சிலைகளை 1659-ல் போரின்போது ஸ்வீடன்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள், அவை இன்றும் ஸ்வீடனில் ட்ரோட்னிங்ஹோல்ம் அரண்மனைத் தோட்டத்தில்தான் இருக்கின்றன.

உள்ளே போக டிக்கெட் வேண்டும், அந்தக் காசு தேவாலயம் ஒன்றுக்கே தகும். 1859 டிசம்பரில் அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. ஏரி உறைந்து கிடந்ததால் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அணைக்கத் தண்ணீர் எடுப்பது பெரும்பாடாகிவிட்டது. பெரிய கூடம் உட்பட உள்பகுதிகள் பெரும்பாலும் போய்விட்டன, தேவாலயம் தப்பியது. 1671 முதல் 1840 வரை டென்மார்க்கின் பெரும்பாலான மன்னர்களுக்கு இங்கேதான் அபிஷேகச் சடங்கு நடந்தது. மேல்மாடத்துச் சுவர் முழுக்க யானை விருது பெற்றவர்களின் கேடயச் சின்னங்கள். டென்மார்க்கின் மிக உயர்ந்த விருதின் சின்னம் யானை, முதுகில் அம்பாரிபோல ஒரு சிறு கோபுரம் வேறு. நம்மவர்களுக்கு அதைப் பார்த்ததும் கால் நகராது.

தேவாலயத்தில் இருக்கும் கம்பேனியஸ் ஆர்கன் என்ற குழல் இசைக்கருவி 1610-ல் செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள், எல்லாமே மரம். காற்று கொடுக்க இன்றும் ஆள்தான் துருத்தியை இயக்குகிறார். நாங்கள் போன நேரத்தில் யாரும் வாசிக்கவில்லை, அது பெரிய குறை. நேரம் கையில் இருப்பவர்கள் வாசிப்பு எந்த நாளில் என்று முன்பே பார்த்துவிட்டுப் போங்கள்.

தீக்குப் பிறகு கட்டடத்தை மீட்டதில் முக்கியமான ஆள் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையை நிறுவிய ஜே. சி. யாகோப்சன். அவர் பணம் கொடுத்து, 1878-ல் இதைத் தேசிய வரலாற்று அருங்காட்சியகமாக ஆக்கவும் வழிசெய்தார். அருங்காட்சியகம் நல்லதுதான், ஆனால் அளவுக்கு மீறிப் பெரிது. அறைக்கு அறை உருவப்படங்கள், ஒரு கட்டத்துக்கு மேல் எல்லா மன்னரும் ஒரே முகமாகத் தெரிகிறார்கள். தேவாலயம், மறுபடி கட்டிய பெரிய கூடம், தீயில் தப்பிய பழைய தர்பார் அறை, இந்த மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மற்றதை நடந்தபடியே பார்த்தால் போதும் என்பது என் கருத்து. குழந்தைகளோடு போனால் கண்டிப்பாக அப்படித்தான் செய்ய வேண்டும்.

தோட்டத்துக்குக் கட்டணமே இல்லை. ஏரியின் மறுகரையில் படிப்படியாக மேலேறும் பரோக் தோட்டம், நடுவே அடுக்கடுக்காக இறங்கும் நீர். 1720-களில் நான்காம் ஃபிரெடெரிக்குக்காக யோஹான் கொர்னேலியஸ் க்ரீகர் வடிவமைத்தது. காலப்போக்கில் சிதைந்துபோனதை 1996-ல் மீட்டிருக்கிறார்கள். தாழ்வான செடிகளை வெட்டி மன்னர்களின் பெயர் முத்திரைகளை வரைந்திருக்கிறார்கள், அதில் ஒன்று இந்த நான்காம் ஃபிரெடெரிக்குடையது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியது இவர் அனுப்பித்தான், அங்கே தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது அதன் தொடர்ச்சி. அரண்மனை ஒரு தரங்கம்பாடி மன்னருடையது, தோட்டம் இன்னொருவருடையது என்று சொல்லலாம். அங்கே நின்று நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன், அவர் ஆர்வமாக அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

நேரம் குறைவு என்றால் முதலில் அருங்காட்சியகம், பிறகு தோட்டம். குளிர்காலத்தில் உள்ளே சீக்கிரம் மூடிவிடுவார்கள், தோட்டம் காத்திருக்கும். அரண்மனையின் முழு உருவம் வேண்டுமென்றால் தோட்டத்தின் உச்சிக்கு ஏறித் திரும்பிப் பாருங்கள், கோபுரங்கள் எல்லாம் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். மழை பெய்திருந்தால் சரளைப் பாதை ஈரமாக இருக்கும், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள்.