கோகோ பூச்சிக் கணக்கெடுப்புச் சேவை: ஓராண்டுக்குப் பின்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக நாங்கள் வளர்க்கும் கோகோவில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பூச்சிகளை எண்ணி அறிக்கை தரும் தனியார் சேவையொன்றை ஓராண்டாகப் பயன்படுத்துகிறோம். ஒரு வருகைக்கான கட்டணம் இரண்டு ஆட்களின் நாள் கூலி. வேண்டாத ஒரு மருந்தடிப்பு தவிர்ந்தாலே அது மீண்டுவிடும் என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குறையெல்லாம் முதல் நான்கு மாத வேலையில்தான். வெயில் ஏறிய பதினொரு மணிக்கு வந்து, வண்டிப் பாதையோரத்து மரங்களை மட்டும் பார்த்துவிட்டு, கோகோக் காயைக் குத்திச் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சி இல்லை என்று எழுதினார்கள். காலையிலும் மாலையிலும் நடமாடி, உச்சிவேளையில் இலை மறைவில் ஒதுங்கும் பூச்சி அது. தோப்பு முழுவதும் சீராகப் பரவாமல் சில மரங்களில் கூட்டமாகச் சேரும் இயல்பும் அதற்கு உண்டு. ஆகவே பாதையோரம் பத்து மரங்களில் எடுத்த சராசரி, கிணற்றடிப் பக்கம் காயெல்லாம் கரும்புள்ளி விழுந்து நின்றதைக் காட்டவே இல்லை.

மஞ்சள் ஒட்டுப்பொறிகளுக்குத் தனியாகப் பணம் வாங்கியது இன்னும் உறுத்துகிறது. 2016-இல் இப்பகுதித் தென்னையில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈதான் அவற்றை நிரப்பியது; கோகோவின் பூச்சியைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

பிஞ்சுக் கணக்கில் நேர்ந்தது இதைவிடப் பெரிய பிழை. தாங்க முடியாத பிஞ்சுகளைக் கோகோ மரம் தானே வாடவிடும். அவை கறுத்துச் சுருங்கி மரத்திலேயே ஒட்டியிருக்கும். அத்தனையையும் பூச்சிச் சேதமாக எண்ணி, உடனே மருந்தடிக்கச் சொன்னார்கள். பூச்சி உறிஞ்சிய பிஞ்சில் நீர்கோத்த வட்டப் புள்ளிகள் தெரியும் என்பதை நானே பறித்துக் காட்ட வேண்டியிருந்தது.

புகாருக்குப் பின் வரும் பெண், வேலை தெரிந்தவர். விடிந்ததும் வந்து, தோப்பை நான்கு பகுதியாகப் பிரித்துக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மரங்களைப் பார்க்கிறார். தண்டில் எறும்புச் சாரை கண்டால் அதைத் தொடர்ந்து போய்க் காய்க்காம்பில் மாவுப்பூச்சி தேடுகிறார். எத்தனை பூச்சி என்பதோடு எத்தனை மரத்தில் என்றும் குறிப்பதால், அண்மையில் கிணற்றடிப் பகுதிக்கு மட்டும் மருந்தடித்தோம்.

ஒன்று மட்டும் மிச்சம்: கைக்கெட்டும் உயரத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்க ஆய்வுகளில் விடியற்காலையில் மருந்து தெளித்து, மரத்தடியில் விரித்த துணியில் விழுபவற்றை எண்ணுவதுண்டு. இந்தக் கட்டணத்துக்கு அதைக் கேட்க முடியாது. ஆனால் பார்க்காத உயரத்தை அறிக்கை சொல்லியாக வேண்டும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண். அந்த மூன்றும் கடைசி எட்டு மாதத்துக்கு.