சிவப்பு டிப்பெட்டா, வெள்ளை ஏப்ரனா, கோடு போட்ட சீர்சக்கரா? போர்க்கால நர்ஸ் வேடத்துக்கு ஓர் ஒப்பீடு

பழைய கால உடுப்பில் அந்தக் கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் வரலாற்று மறுநிகழ்த்தல் குழுவில் புதிதாகச் சேர்பவர் போர்க்கால நர்ஸ் வேடம்தான் வேண்டும் என்று முடிவு செய்ததும் முதலில் தேடுவது படங்களை. படங்களில் கண்ணைப் பறிப்பது சிவப்பு. ஒன்று, நெஞ்சில் செஞ்சிலுவை தைத்த வெள்ளை ஏப்ரன். இல்லையென்றால், டிப்பெட் என்ற, தோளை மூடும் சிவப்புக் குட்டை மேலாடை. அதோடு தேர்வு முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் தேர்வு தொடங்க வேண்டிய இடமே வேறு. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பார்வையாளர் முன்னால் என்ன வேலை செய்து காட்டப் போகிறீர்கள்? நாள் முழுக்க நின்று போஸ் கொடுக்க முடியாது. கை சும்மா இருக்கிற நர்ஸைப் பார்த்துவிட்டுக் கூட்டம் பத்தே நிமிடத்தில் பீரங்கிப் பக்கம் போய்விடும்.

பெரும்பாலும் போட்டி மூன்று வேடங்களுக்கு இடையில்தான். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் தன்னார்வ உதவிப் படையினர், அதாவது வி.ஏ.டி. பிரிட்டிஷ் ராணுவத்தின் முறையான செவிலியர் பணியான குயின் அலெக்ஸாண்ட்ரா இம்பீரியல் மிலிட்டரி நர்சிங் சர்வீஸ், சுருக்கமாக கியூ.ஏ. மூன்றாவது, இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ராணுவச் செவிலியர் படை. சோவியத் களமருத்துவப் பெண்களையும் சிலர் எடுக்கிறார்கள். அது வேறு ரகம் என்பதால் கடைசியில்.

வி.ஏ.டி. திட்டம் 1909-இல் வந்தது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் அமைப்பும் ஆட்களைத் திரட்டின. செஞ்சிலுவைப் பிரிவுக்கு நீல கவுன், செயின்ட் ஜான் பிரிவுக்குச் சாம்பல் கவுன். இரண்டின் மேலும் வெள்ளை ஏப்ரன், கழற்றி மாட்டும் விறைத்த காலர், மணிக்கட்டுப் பட்டை, தலையில் வெள்ளைத் துணி. பார்க்க எளிமையாக இருக்கிறதே, தைத்துவிடலாம் என்று தோன்றும். தைப்பது எளிதுதான், பராமரிப்பதுதான் பாடு. ஏப்ரனுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொண்டுபோனால், உட்கார்ந்து எழுந்ததும் மடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கம். கஞ்சி குறைந்தால் நெஞ்சுப் பகுதி தொங்கும், கூடினால் அட்டை மாதிரி நிற்கும். காலர் விஷயம் இன்னும் மோசம். அட்டையாய் விறைத்த துணி விளிம்பு, மதியத்துக்குள் கழுத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடும். படங்களில் அந்தப் பெண்கள் தலையை நிமிர்த்தியே வைத்திருப்பதற்கு ஒழுங்கு மட்டும் காரணமில்லை என்பது போட்டுப் பார்த்தால் புரியும்.

ஆனால் வேலை என்று வந்தால் வி.ஏ.டி.-க்குப் பஞ்சமே இல்லை. இவர்கள் முழுப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் அல்லர். முதலுதவி, வீட்டுச் செவிலியம் ஆகியவற்றில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தவர்கள். தரை துடைப்பது, படுக்கை விரிப்பது, பாண்டேஜ் சுருட்டுவது, கை இழந்தவருக்கு ஊட்டிவிடுவது என்று எல்லாம் இவர்கள் தலையில். அதுவே மறுநிகழ்த்துபவருக்கு வசதி, மருத்துவம் தெரியாவிட்டாலும் நாள் முழுக்கக் கைக்கு வேலை உண்டு. எழுத்தாளர் அகதா கிறிஸ்டி டார்கீ நகரில் இப்படிச் சேர்ந்தவர்தான். பிறகு மருந்தகப் பிரிவுக்குப் போய், அங்கே கற்றுக்கொண்ட விஷ விவரங்களைக் கதைகளில் பயன்படுத்தினார். பார்வையாளரிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது.

இன்னொன்றையும் காட்டலாம். காயத்துக்குள் ரப்பர் குழாய்களை விட்டு, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசலால் கழுவும் காரல்–டேக்கின் முறை அந்தப் போரில் உருவானது. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் அழுகும் காயத்துக்கு எதிராக இருந்த பெரிய ஆயுதம் அது. ஒரு கண்ணாடிக் குடுவை, நாலு மெல்லிய குழாய், ஒரு கிளிப், கரைசலுக்குப் பதில் வெறும் தண்ணீர். அவ்வளவு போதும், கூட்டம் நகராது.

வி.ஏ.டி. வேடத்தின் சிக்கல் அந்தச் சிலுவை. செஞ்சிலுவை அலங்காரச் சின்னம் அல்ல, ஜெனீவா உடன்படிக்கைகள் காக்கும் சின்னம். பிரிட்டனில் 1957-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அமெரிக்காவிலும் தனிச் சட்டம் இருக்கிறது. மறுநிகழ்த்தல் என்றால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. குழுவின் சார்பில் முன்கூட்டியே அனுமதி கேட்பதுதான் முறை. அது கிடைக்காவிட்டால் சிலுவை இல்லாத வேடத்துக்குப் போய்விடலாம்.

சரி, சிவப்பு டிப்பெட்டுக்கு வருவோம். கியூ.ஏ. 1902-இல் அரச ஆணையால் அமைந்தது. அலெக்ஸாண்ட்ரா அரசி டென்மார்க் இளவரசி என்பதால் பதக்கத்தில் டென்மார்க்கின் டேனப்ரோக் சிலுவை. சாம்பல் கவுன், வெள்ளை முக்காடு, தோளைச் சுற்றிய சிவப்பு டிப்பெட் என்று நிற்கும்போது வரும் கம்பீரத்தில் மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. முழுச் சிவப்பு டிப்பெட் நிரந்தரப் பணியில் இருந்தவர்களுக்கு மட்டும்தான். 1914-இல் போர் தொடங்கியபோது அவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேல் பெருகியது ரிசர்வ் பிரிவு. அவர்களுடையது சாம்பல் டிப்பெட், விளிம்பில் மட்டும் சிவப்பு. 1908-இல் தொடங்கிய டெரிடோரியல் படையின் (பகுதிநேரத் தன்னார்வப் படை) செவிலியர்களுக்கு நீலச்சாம்பல் டிப்பெட், முனைகளில் 'டி' எழுத்து. அதாவது 1917-இன் ஒரு வார்டைக் காட்டுவதாகச் சொல்லி ஐந்து பேரும் முழுச் சிவப்பில் வந்தால், கண்ணுக்கு அழகு, வரலாற்றுக்கு இடி. ஒருவர் சிவப்பு, மற்றவர்கள் சிவப்பு விளிம்பு வைத்த சாம்பல் என்று வந்தால் பார்ப்பவரே காரணம் கேட்பார். அந்தக் கேள்வியில்தான் பேச்சு சூடு பிடிக்கும். டிப்பெட் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் ரிசர்வையே வாங்குங்கள் என்பேன்.

முக்காடு ஒரு தனிக் கலை. சதுர வெள்ளைத் துணியை முக்கோணமாக மடித்து, நெற்றியில் நேராகப் படியவிட்டு, பின்கழுத்தில் ஊசியால் குத்த வேண்டும். முனை முதுகின் நடுவில் விழ வேண்டும். கண்ணாடி முன்னால் தனியாகச் செய்தால் முதல் பத்துத் தடவை கோணலாகத்தான் வரும். வழவழப்பான பாலியஸ்டர் துணி தலையில் நிற்கவே நிற்காது, மெல்லிய பருத்தியே சரி.

கியூ.ஏ.-வில் இரண்டாம் போர்ப் பதிப்பும் இருக்கிறது. 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டியில் இறங்கியவர்கள் சாம்பலும் சிவப்பும் தவிர்த்து, காக்கி பேட்டில்டிரஸ், கால்சட்டை, இரும்புத் தொப்பி என்று இருந்தார்கள். சேற்றில் கூடாரம் போட்டு வேலை செய்தவர்களுக்கு அதுதானே ஒத்துவரும். வேலைக்கும் நல்ல விஷயம் கையில் இருக்கிறது: பெனிசிலின். அந்தக் காலப் பெனிசிலின் உடலில் நிற்காது என்பதால் மூன்று மணிநேரத்துக்கு ஒரு ஊசி, இரவும் பகலும். ஒரு கூடாரத்தில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் நாளைக்கு எட்டு ஊசி, ஒவ்வொரு ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் போதும். (உண்மையான ஊசிமுனை எந்த நிகழ்ச்சிக்கும் வரக் கூடாது, முனை கழற்றிய பழைய கண்ணாடி சிரிஞ்ச் போதும்.)

கியூ.ஏ. வேடத்தில் எனக்குத் தயக்கம் ஒன்றுதான். இவர்கள் முழுத் தகுதி பெற்ற சிஸ்டர்கள், மேட்ரன்கள். பார்வையாளரில் ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் இருந்தால், டிரேயை நீங்கள் பிடிக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். வி.ஏ.டி.-யாக நின்றால் தடுமாற்றம்கூட வேடத்தோடு பொருந்திப்போகும். சிஸ்டராக நின்றால் பொருந்தாது.

அமெரிக்க வேடத்தை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1901-இல் உருவான அந்தப் படை இரண்டாம் போரில் உடுப்பையே தலைகீழாக மாற்றியது. வெள்ளை வார்டு கவுனை வைத்துக்கொண்டு பாலைவனத்திலும் காட்டிலும் என்ன செய்வது? வந்தது பழுப்பும் வெள்ளையும் கோடு போட்ட சீர்சக்கர் உடை. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி இடுப்பில் கட்டுவது. துணியே சுருக்கம் வைத்து நெய்தது என்பதால் இஸ்திரி வேண்டாம், துவைத்தால் சட்டென்று காயும். உடம்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முடிச்சை மாற்றிக் கட்டினால் போதும். வலது காலரில் செகண்ட் லெப்டினன்டின் தங்க நிறப் பட்டை, இடதில் 'என்' எழுத்து பதித்த கடூசியஸ் (பாம்புகள் சுற்றிய கோல் சின்னம்), அவ்வளவுதான் அலங்காரம். கஞ்சி, காலர் புண், முக்காட்டு ஊசி எதுவுமில்லை.

பிழைகளையும் தாங்கும் வேடம் இது. 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய செவிலியர்களுக்குப் பெண்களுக்கான களஉடை தயாராக இல்லை. ஆண்களுக்குத் தைத்ததை மடித்துச் சுருட்டிப் போட்டுக்கொண்டார்கள். ஆக, தொளதொளவென்று இருக்கும் கவரால் (சட்டையும் கால்சட்டையும் ஒன்றாய்த் தைத்த உடை) உங்களிடம் இருந்தால் அது குறையே இல்லை. இரும்புத் தொப்பியின் வெளி ஓட்டைக் கவிழ்த்து வைத்து, தண்ணீர் ஊற்றி முகம் கழுவி, காலுறை அலசுவதைக் காட்டினால் குழந்தைகள் சுற்றி நிற்பார்கள். பெரியவர்களுக்கு உலர் பிளாஸ்மா: ஒரு குடுவையில் பொடி, இன்னொன்றில் வாலை வடித்த நீர், கலந்து ஏற்றினால் உயிர் நிற்கும். குளிர்சாதனம் இல்லாத இடத்திலும் வேலை செய்தது என்பதே அதன் மகிமை.

கதைக்கும் கனம் குறைவில்லை. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் அன்சியோ கடற்கரை முனையில் மருத்துவமனைக் கூடாரங்கள் தாக்கப்பட்டதில் ஆறு அமெரிக்கச் செவிலியர்கள் இறந்தார்கள். பிலிப்பைன்ஸில் பிடிபட்ட ராணுவ, கடற்படைச் செவிலியர்கள் 77 பேர் 1945 பிப்ரவரி வரை ஜப்பானியக் காவலில் இருந்து, அங்கேயும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, அத்தனை பேரும் உயிரோடு மீண்டார்கள்.

சோவியத் வேடம் பற்றி இரண்டு வரி. ஜிம்னாஸ்தியோர்கா சட்டை, பிலோத்கா தொப்பி, தோளில் மருத்துவப் பை. உடுப்பு எளிது, உடம்பு வேண்டும். 1941 ஆகஸ்ட் ஆணைப்படி காயம்பட்ட 15 பேரை அவர்கள் ஆயுதத்தோடு களத்திலிருந்து இழுத்து வந்தால் பதக்கத்துக்குப் பரிந்துரை, 80 பேருக்கு லெனின் விருது. தரையில் ஊர்ந்து ஒருவரை இழுத்துக் காட்டத் தெம்பு இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் வெறும் சட்டையோடு நிற்க வேண்டியதுதான்.

அப்புறம், அசல் பழைய உடுப்பா, புதிதாகத் தைத்ததா என்ற கேள்வி. மூன்று வேடங்களுக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: அசலைப் போடாதீர்கள். பழைய பருத்தி அக்குளிலும் தையல் ஓரத்திலும் இற்றுப்போயிருக்கும், ஒரு கை தூக்கினால் கிழியும். அது மேசைமேல் இருக்கட்டும், அதன் அளவையும் தையலையும் பார்த்துப் புதிதாகத் தையுங்கள். பதக்கம், பொத்தான் போன்ற உலோகச் சாமான்களில் அசலைப் பயன்படுத்தினால் தப்பில்லை.

முதல் ஆண்டு, தனி ஆள், வெயில் கால நிகழ்ச்சி என்றால் என் ஓட்டு சீர்சக்கருக்கு. குழுவில் நோயாளியாகப் படுக்க ஓர் ஆண் கிடைத்தால் கணக்கு மாறும். நீலக் கோட்டும் கால்சட்டையும் சிவப்பு டையும் போட்ட பிரிட்டிஷ் நோயாளி ஒருவர் கட்டிலில் இருந்தால் வி.ஏ.டி. வார்டு தானாகவே உயிர் பெற்றுவிடும். அவர் வி.ஏ.டி. பெண்ணை "சிஸ்டர்" என்று கூப்பிடட்டும், அதைக் கேட்டு நிஜ சிஸ்டருக்கு முகம் சுளிக்கட்டும். பயிற்சி பெற்றவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இருந்த உரசலைக் காட்ட ஒரு வசனம்கூட எழுத வேண்டாம். அந்த சிஸ்டர் வேடத்தை மட்டும் வார்டு வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், ரிசர்வின் சாம்பல் டிப்பெட்டோடு.