விதைத்து எடுக்கும் காய்கறியா, நட்டு நிறுத்தும் காய்கறியா? குமரி வீட்டு விளைக்கு எது ஏற்றது?

வீட்டைச் சுற்றி ஐந்தாறு சென்ட் விளை (தோட்ட நிலம்) இருக்கும் குமரி மாவட்டத்துக்காரர் காய்கறித் தோட்டம் போட நினைத்தால், முதலில் போய் நிற்பது விதைக் கடையில்தான். வெண்டை, கத்தரி, தக்காளி, பாகல், கீரை என்று ஏழெட்டுப் பொட்டலங்களோடு வீடு திரும்புவார். நானும் சில ஆண்டுகள் அந்த வழியில் பயிர் செய்தேன். இப்போது விளையின் பெரும்பகுதியில் ஒருமுறை நட்டால் நின்று பலன் தருபவைதான் இருக்கின்றன. முருங்கை, கோவை, தவசிக்கீரை, கறிவேப்பிலை, சுண்டை, காந்தாரி மிளகாய், ஏத்தன் (நேந்திரன்) வாழை, இவற்றோடு சேனை, சேம்பு, காச்சில் (பெருவள்ளி) ஆகிய கிழங்குகள். கிழங்குகளை ஆண்டுதோறும் தோண்டத்தான் வேண்டும். ஆனால் அவற்றுக்கான விதை நம் விளையிலேயே இருக்கிறது என்பதால் இந்தப் பக்கம் சேர்த்திருக்கிறேன். என் சாய்வும் இந்தப் பக்கம்தான்.

விதைக்காய்கறிக்கு இருக்கும் சிறப்புகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பலன் விரைவில் வரும். கீரையை நாலு வாரத்தில் பறிக்கலாம். பிஞ்சு வெண்டைக்காயைப் பறித்த கையோடு சமைக்கும் ருசி எந்தச் சந்தையிலும் கிடைக்காது. செலவிலும் பெரிய வேறுபாடு கிடையாது. விதைப் பொட்டலம் மலிவு. கோவைத் தண்டும் தவசிக்கீரைக் குச்சியும் பக்கத்து வீட்டில் கேட்டாலே கிடைத்துவிடும்.

வேறுபாடு பராமரிப்பில் இருக்கிறது. அதற்குக் காரணம் நம் மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி மழையை எதிர்பார்த்து நிற்கும் நிலத்துக்குச் சொன்னது. மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆடியில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். விதை அழுகும், முளைத்தது சாயும், தப்பிப் பிழைத்த நாற்றைக் களை மூடிவிடும். அந்தப் பயிர் காய்ப்புக்கு வரும் நேரத்தில் ஐப்பசி மழை இறங்கிவிடும்.

இதில் கைவேலை எவ்வளவு என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தோட்டம் நிலைப்பதும் கைவிடப்படுவதும் இதைப் பொறுத்துத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெண்டை விதைத்தால் ஒன்றரை மாதத்தில் காய்க்கும், பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் காய் தரும். அந்த இரண்டு மாதமும் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் காய் எல்லாம் முற்றி நாராகியிருக்கும். முற்றிய காயைச் செடியில் விட்டால் புதுக் காய் குறையும். காய்ப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, சாணம் போட்டு, மறுபடி விதைக்க வேண்டும். முளைத்த முதல் மாதத்தில்தான் களை எடுப்பு அதிகம், பூச்சியையும் நத்தையையும் தினமும் பார்க்க வேண்டியதும் அப்போதுதான். ஆண்டுக்கு மூன்று முறை பயிர் வைத்தால் இந்தக் கடினமான முதல் மாதம் மூன்று முறை வரும். வேலைக்குப் போகிற குடும்பத்தில் மழைக்காலத்துக் காலைப்பொழுதை இப்படிக் கொடுக்க யாரால் முடியும்?

நட்டு நிறுத்தியவற்றில் வேலை குறைவு. அதைவிட முக்கியமாக, இருக்கிற வேலைக்கு நாளை நாமே குறித்துக்கொள்ளலாம். முருங்கையை ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் போதும், கை எட்டும் உயரத்தில் தழைக்கும். கோவைக்குப் பந்தல் போடுவது ஒருநாள் பாடு. பிறகு ஓய்ந்த கொடியை அவ்வப்போது கவாத்து செய்து, அடியில் எரு வைத்தால் சில ஆண்டுகள் காய்க்கும். தண்டு வாங்கும்போது நன்றாகக் காய்க்கும் கொடியிலிருந்து கேட்டு வாங்குங்கள். கோவையில் ஆண்கொடி தனியாக உண்டு, அது காய்க்காது.

சேனையை மாசியில் நடலாம். முக்கால் கிலோ, ஒரு கிலோ துண்டாக, ஒவ்வொன்றிலும் முளைப்பகுதி இருக்கும்படி வெட்டிச் சாணக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்த வேண்டும். இரண்டடிக் குழியில் தொழுவுரமும் மேல்மண்ணும் நிரப்பி நட்டு, சருகால் மூடினால் பெரிய வேலை முடிந்தது. கோடை மழையில் முளைக்கும். களையை இரண்டொரு முறை எடுத்து மண் அணைப்பதோடு சரி. எட்டு ஒன்பது மாதத்தில் தண்டு மஞ்சளாகிச் சாயும். சாய்ந்ததும் உடனே தோண்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீர் தேங்காத இடமாக இருந்தால் சில வாரங்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கும், தேவைப்படும் நாளில் எடுக்கலாம். தொண்டை அரிப்புக்குப் பயப்படுபவர்கள் கஜேந்திரா ரகத்தை நடலாம், அதில் அரிப்பு மிகக் குறைவு.

அடுத்தது நிழல். நம் வீட்டு விளைகளில் தென்னை இல்லாத விளை எது? வெண்டைக்கும் தக்காளிக்கும் நாள் முழுக்க வெயில் வேண்டும். சேனை, சேம்பு, காச்சில், காந்தாரி ஆகியவை தென்னையின் அரைநிழலைத் தாங்கும். தென்னையின் செயல்படும் வேர்களில் பெரும்பகுதி மரத்தடியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருப்பதால், அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு நட வேண்டும்.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புளிப்புத்தன்மை கொண்ட நம் செம்மண்ணில், மழை ஈரத்தில், பாக்டீரியா வாடல் நோய் அதற்குப் பெரிய எதிரி. நேற்றுவரை பச்சையாக நின்ற செடி இன்று தொங்கிவிடும். தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அந்த நோய்தான். மருந்து தேடிப் பயனில்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காமல் இருப்பதே வழி. சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று இந்த நோயைத் தாங்குகிறது. தக்காளி இல்லாமல் முடியாது என்பவர்கள் வெளிமண் நிரப்பிய பைகளில் மாடியில் வளர்ப்பதே நல்லது.

நட்டு நிறுத்துவதிலும் தொல்லைகள் இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அப்பிக்கொள்ளும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வாசலோரம் முருங்கை வைக்காதீர்கள். அடைமழையில் பூ உதிரும், காய் இருக்காது. காற்றுக்கு முருங்கையும் வாழையும் நிற்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் வாழைத் தோட்டங்கள் சாய்ந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கிழங்கைப் பெருச்சாளி தேடி வரும். தவசிக்கீரையை அளவாக, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். தைவானில் 1990களில் உடல் இளைப்பதற்காக அதைப் பச்சையாக அரைத்துச் சாறாகத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வாரம் ஒரு முறை துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்) வைப்பது வேறு, தினமும் டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் அடுக்களைக் கணக்கு என் பக்கமே நிற்கிறது. அவியலுக்குச் சேனை, ஏத்தங்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை, தேங்காய் எல்லாம் விளையிலேயே இருக்கின்றன. வெள்ளரியும் புடலங்காயும் வாங்கினால் போதும். தீயல் என்னும் வறுத்த தேங்காய்க் குழம்புக்குச் சுண்டைக்காய், துவரனுக்குக் கோவைக்காய், மீன்குழம்போடு சாப்பிட அவித்த காச்சில், அதைத் தொட்டுக்கொள்ளக் காந்தாரி உடைத்த சம்மந்தி (துவையல்). குமரிச் சமையல் இந்தச் செடிகளைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது.

விதைக்காய்கறியை நான் முழுவதும் விட்டுவிடவில்லை. அடுக்களைக்குப் பின்னால் வெயில் விழும் ஒரு பாத்தியைத் தை முதல் சித்திரை வரைக்கும் அதற்கென்றே வைத்திருக்கிறேன். மழை ஓய்ந்து, கிணற்றில் நீர் இருக்கும் அந்த மாதங்களில் தண்டுக்கீரையும் பயறும் வெண்டையும் அழகாக வரும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோய்க்காக வெண்டையை மட்டும் இலை இலையாகப் பார்த்துவர வேண்டும்.

என் அனுபவம் மேற்கே செம்மண் விளையில் கிடைத்தது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் பக்கத்தில் முருங்கையும் பப்பாளியும் ஒடிந்துவிடும் என்று அங்கே இருப்பவர்கள் சொல்கிறார்கள். மழையும் அங்கே குறைவு. அந்தப் பக்கம் விதைக்காய்கறிக்கே கை ஓங்கலாம். கடற்கரை மணலில் முருங்கை செழித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், சேனை வைத்துப் பார்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் ஒரே ஒரு குழியில் தொழுவுரமும் செம்மண்ணும் நிரப்பி முதலில் சோதித்துவிட்டு, பிறகு விளை முழுவதற்கும் முடிவெடுக்கலாம்.