மகனுக்கு வேலை வாங்கித் தந்த சேவை: ஒன்றரை வருட அனுபவம்

என் மகனுக்கு 24 வயது. கற்றல் குறைபாடு, அதோடு வலிப்பும் உண்டு. இன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வாரம் 16 மணித்தியாலம் சம்பளத்துக்கு வேலை செய்கிறான். வடமேற்கு லண்டனில் எங்கள் கவுன்சில் வழியாகக் கிடைத்த சப்போர்ட்டட் எம்ப்ளாய்மென்ட் (இயலாமை உள்ளவர்களுக்கு வேலை தேடித் தந்து, கூட நின்று உதவுகிற) சேவைதான் இதற்குக் காரணம். இதே நிலையில் பிள்ளை வைத்திருக்கிற தமிழ்ப் பெற்றோர் பலர் என்னிடம் விசாரிக்கிறபடியால் எழுதுகிறேன்.

இதற்கு முதல் வேறோர் இடத்துக்கு மூன்று வருடம் போனான். சிவி எழுதப் பயிற்சி, நேர்முகத்துக்குப் பயிற்சி, ஆட்களோடு கதைக்கப் பயிற்சி. சான்றிதழ் ஒரு ஃபைல் நிறைய இருக்கிறது, வேலை மட்டும் வரவில்லை. எப்போது கேட்டாலும் 'இன்னும் ஆயத்தமாகவில்லை' என்றுதான் பதில். இந்தச் சேவை அதற்கு நேர் எதிர். முதலில் வேலை, பிறகு அந்த வேலை இடத்திலேயே பயிற்சி. ஆயத்தமா இல்லையா என்ற கேள்வியையே அவர்கள் எடுக்கவில்லை.

ஜொப் கோச், அதாவது வேலை இடத்தில் கூட நின்று பழக்குகிறவர், முதல் ஐந்து கிழமையும் வேலை தேடவே இல்லை. வீட்டுக்கு வந்தார், மகனோடு பஸ்ஸில் போனார், ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் வந்தார். மகன் அங்கே செருப்பு ராக்கையில் எல்லாருடைய சப்பாத்தையும் சோடி சேர்த்து, அளவுவாரியாக அடுக்குவான். சனம் பார்க்கிறதென்று நாங்கள் கையைப் பிடித்து இழுத்து வருவோம். அவர் அதைத்தான் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். ஸ்டோர் வேலை அங்கேயிருந்துதான் வந்தது.

கையுறைப் பெட்டிகளை அளவு பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும், காலாவதித் திகதி கிட்டியது முன்னுக்கு வரவேண்டும். அந்த வேலையை அவர் 11 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் மகனுடைய கையையே படம் எடுத்து, சின்ன அட்டைகளாக்கித் திறப்பு வளையத்தில் கோத்துக் கொடுத்தார். முதல் நாள் நானும் போய்ப் பார்த்தேன். மகன் புதிய பெட்டியை முன்னுக்கு வைத்துவிட்டான். கோச் 'பிழை' என்று சொல்லவில்லை. வருடம் அச்சடித்த இடத்தில் விரலை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். மகன் கொஞ்ச நேரம் பார்த்தான், பெட்டியை எடுத்துப் பின்னுக்குத் தள்ளினான். முதல் கிழமை பக்கத்தில் நின்றவர், இரண்டாம் கிழமை இரண்டடி பின்னால், ஆறாம் கிழமை வாசலில். இப்போது மாதம் ஒரு தரம் வருகிறார்.

நான் இந்தச் சேவையை மெச்சுவதற்குப் பெரிய காரணம் வேறு. வேலை ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம், சோஷியல் கெயார் (கவுன்சிலின் பராமரிப்பு உதவி) ஒரு பக்கம் என்று தனித்தனியே இழுபடாமல் மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் கிடைத்த ஷிஃப்ட் காலை 7 மணி. காலை மாத்திரை எடுத்தால் 9 மணி வரை அவனுக்குத் தூக்கக் கலக்கம். வேறு யாராவது என்றால் 'சோம்பல்' என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். கோச் மகனுடைய சம்மதத்தோடு வலிப்பு நர்ஸுடன் கதைத்தார். ஷிஃப்ட் 9.30க்கு மாறியது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி இப்படியான நியாயமான மாற்றத்தை முதலாளி செய்து கொடுக்க வேண்டும். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று நர்ஸ் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அது இப்போது ஸ்டோர் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு 14 வயதிலிருந்து ஜிபியில் (குடும்ப வைத்தியரிடம்) வருடாந்த உடல்நலப் பரிசோதனை உண்டு. வேலையைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கேட்டது இந்த வருடம்தான், அதுவும் கோச் கடிதம் கொடுத்த பிறகு.

குறை இல்லாமல் இல்லை. வேலை கிடைத்து மூன்று மாதத்தில், 'மகன் சுயமாகிவிட்டார்' என்று வீட்டுப் பராமரிப்பு மணித்தியாலத்தைப் பாதியாகக் குறைத்துக் கடிதம் வந்தது. அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. காலையில் குளித்து, சாப்பிட்டு, மாத்திரை எடுத்து வெளிக்கிட அந்த உதவி இருப்பதால்தானே பிள்ளை வேலைக்கே போகிறான்? 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தேவையை மதிப்பிடும்போது பார்க்க வேண்டிய பத்து விஷயங்களில் வேலையும் ஒன்று. கோச் அதை எடுத்துக் காட்டிக் கூட்டத்துக்கு வந்து வாதாடினார். ஆறு கிழமைக்குப் பிறகு மணித்தியாலம் திரும்பி வந்தது. சேவையின் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை தொடங்க முன்பே இப்படி வரலாம் என்று அவர்கள் எச்சரித்திருக்கலாம். அதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

எல்லாரும் கேட்கிற காசு விஷயம்: பிப் (இயலாமைக்கான அரசாங்க உதவிப்பணம்) நிற்காது, அது வேலை செய்தாலும் இல்லாவிட்டாலும் வரும். யுனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க உதவிப்பணம்), வேலை செய்ய இயலுமை மட்டுப்பட்டவர் என்று பதிந்திருந்தால், சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டு மிச்சத்துக்குப் பவுண்டுக்கு 55 பென்ஸ் வீதம் அந்த உதவிப்பணத்திலிருந்து கழிப்பார்கள். எங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் கையில் கூடத்தான் வருகிறது. கோச்சுக்கான செலவுக்கு அரசாங்கத்தின் அக்ஸஸ் டு வேர்க் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை எங்களுக்கு அவர்களே உடனிருந்து நிரப்பினார்கள்.

இங்கிலாந்தில் சோஷியல் சர்வீஸுக்குத் தெரிந்த கற்றல் குறைபாடுள்ள வளர்ந்தவர்களில் சம்பள வேலையில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். மற்றப் பிள்ளைகளுக்கு ஏலாது என்று நான் நம்பவில்லை.

ஐந்துக்கு நான்கு. முதல் சந்திப்பிலேயே ஒன்றைக் கேளுங்கள்: 'என் பிள்ளையின் நர்ஸோடும் சோஷியல் வேர்க்கரோடும் நீங்கள் நேரே கதைப்பீர்களா?' சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள். மகனுக்கு நாளைக்கு 9.30 ஷிஃப்ட். சீருடையை மடித்து, அட்டை வளையத்தை அதன் மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.