டார்ஜிலிங்கா, சிம்லாவா? விடுப்பு எந்த மாதத்தில் என்று முதலில் பாருங்கள்

இமயமலைக்கு முதன்முறையாகக் குடும்பத்தோடு செல்ல நினைப்பவர்களின் பேச்சில் டார்ஜிலிங்கும் சிம்லாவும் தவறாமல் அடிபடும். இரண்டுமே வெள்ளைக்காரர்கள் கோடைக்கு அஞ்சி வளர்த்த ஊர்கள்; இரண்டும் 2,000 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருப்பதால் பெரும்பாலோருக்கு மூச்சுத்திணறல் பற்றிய கவலை தேவையில்லை; இரண்டுக்கும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மலை ரயில் உண்டு. அதனால் எது அழகு என்று வாதாடிக்கொண்டே பலர் காலத்தைக் கழிக்கிறார்கள். எந்த மாதத்தில் விடுப்பு கிடைக்கும் என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

டார்ஜிலிங்குக்குப் போவதற்கு முதற்காரணம் கஞ்சன்ஜங்கா. உலகின் மூன்றாவது உயரமான இந்தச் சிகரம் (8,586 மீட்டர்) வானம் தெளிந்திருந்தால் ஊருக்குள் இருந்தபடியே கண்ணை நிறைக்கும். தெளியாவிட்டால் அந்தத் திசையில் மலை இருந்ததற்கான அடையாளமே தெரியாது. அக்டோபர் பின்பகுதியிலிருந்து டிசம்பர் வரை காட்சி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பள்ளி விடுமுறைக் காலமான மே மாதத்தில் புகைமூட்டமும் மேகமும் பெரும்பாலும் மலையை மறைத்துவிடும். சூரிய உதயம் காண எல்லோரையும் டைகர் ஹில்லுக்குத்தான் அழைத்துச் செல்கிறார்கள். விடியற்காலை மூன்றரை மணிக்கே எழுந்து, குளிரில் நடுங்கியபடி ஜீப் வரிசையில் ஊர்ந்து, மேலே போய்ச் சேர்ந்தால் முன்னால் நிற்பவர்கள் உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளின் இடைவெளியில்தான் மலையைப் பார்க்க வேண்டியிருக்கும். எவரெஸ்ட்டின் நுனியையும் தொலைவில் காண வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் அந்தத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சவ்ராஸ்தா சதுக்கத்திலிருந்து, மகாகாள் கோயில் இருக்கும் அப்சர்வேட்டரி குன்றைச் சுற்றிச் செல்லும் நடைபாதையிலேயே கஞ்சன்ஜங்கா முழுமையாகத் தெரியும். காலை ஆறு மணிக்குக் கையில் தேநீரோடு நிதானமாகப் பார்க்கலாம்.

சிம்லாவில் இப்படி ஒரு மலையை நம்பிப் போக வேண்டியதில்லை. அங்கே பனிச்சிகரங்கள் வடக்கே தொலைவில் ஒரு கோடாகத்தான் தெரியும்; ஊர்தான் காட்சி. ரிட்ஜ் மைதானம், 1857இல் திறக்கப்பட்ட கிறிஸ்து தேவாலயம், மால் ரோடு, கெய்ட்டி நாடக அரங்கு ஆகியவற்றை வாகன இரைச்சல் இல்லாமல் நடந்தே பார்க்கலாம். கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோட்டுக்கு ஏறக் கட்டண லிஃப்ட் இருப்பது முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு உண்மையான உதவி. 1888இல் கட்டி முடிக்கப்பட்ட வைஸ்ராய் மாளிகையைத் தவறவிடக் கூடாது. 1945இல் அன்றைய வைஸ்ராய் வேவல் பிரபு இந்தியத் தலைவர்களை அழைத்துக் கூட்டிய சிம்லா மாநாடு அங்குதான் நடந்தது. 1965இல் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அங்கே உயர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார். பர்மா தேக்கு இழைத்த கூடத்தில் நின்று பார்க்கையில், ஆண்டில் பாதிக்கு மேல் ஒரு பேரரசு இந்த மலைமுகட்டிலிருந்தே ஆளப்பட்டது என்பது நம்பக்கூடியதாகிறது. ஜாக்கூ குன்றில் 108 அடி அனுமன் சிலை இருக்கிறது. அங்குள்ள குரங்குகள் மூக்குக் கண்ணாடியைத்தான் முதலில் பறிக்கும் என்பதால் ஏறும் முன்பே கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது.

சிம்லாவின் சுற்றுவட்டாரத்தைப் பொறுத்தவரை குஃப்ரிக்கு இவ்வளவு பெயர் ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. பனி இல்லாத நாட்களில் அங்கே குதிரைச் சாணமும் சேறும் கலந்த பாதைதான் மிஞ்சும். அந்த நாளை மேலும் கிழக்கே உள்ள நார்கண்டாவுக்கு ஒதுக்கி, தேவதாரு காட்டின் வழியே ஹாட்டு சிகரத்துக்கு ஏறினால் பயணம் வீணாகாது.

டார்ஜிலிங்கில் அருகிலுள்ள இடங்களே வலுவானவை. பத்மஜா நாயுடு உயிரியல் பூங்காவில் செம்பாண்டாவையும் பனிச்சிறுத்தையையும் பார்க்கலாம். அதே வளாகத்தில்தான் 1954இல் தொடங்கப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் டென்சிங் நோர்கேயின் நினைவிடமும் உள்ளன. எவரெஸ்ட் ஏற்றங்களில் பயன்பட்ட பழைய கருவிகள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. வியாழக்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. தேயிலைத் தோட்டத்துக்கு மார்ச் முதல் நவம்பருக்குள் போனால்தான் கொழுந்து பறிப்பதைக் காண முடியும். மே, ஜூன் மாதங்களில் பறிக்கும் இரண்டாம் பருவத் தேயிலையில்தான் திராட்சை மணம் வீசும். மே மாதத்தில் மட்டுமே போக முடிந்தவர்களுக்கு டார்ஜிலிங் தரும் ஆறுதல் அது ஒன்றே.

ரயில்களில் என் ஓட்டு, முழுப் பயணத்துக்கு என்றால் கால்காவிலிருந்து சிம்லாவுக்கு ஏறும் ரயிலுக்குத்தான். 1903இல் திறந்த அந்த 96 கிலோமீட்டர் பாதை 102 சுரங்கங்களைக் கடந்து ஐந்து மணி நேரத்தை ஒட்டி மேலே சேர்க்கிறது. ஊருக்குப் போய்ச் சேரும் வழியாகவே அதைப் பயன்படுத்தலாம். 1881இல் முடிந்த டார்ஜிலிங் பாதையில் சுரங்கமே இல்லை. இரண்டடி அகலத் தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி ஏறும் வளையங்களும், வண்டி முன்னும் பின்னுமாக நகர்ந்து ஏறும் இடங்களுமாக, 88 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தைகள் பொறுக்க மாட்டார்கள். அங்கே ஜீப்பில் மேலே போய்விட்டு, நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டியில் பக்கத்திலுள்ள கூம் நிலையம் வரை சென்று திரும்பினால் போதும். கடைகளில் தொங்கும் கம்பளிச் சட்டைகளை உரசுவதுபோல் அது போவதே தனி வேடிக்கை. நம் நீலகிரி ரயிலில் பல்சக்கரம் ஏற்றுகிறது. இந்த இரண்டிலும் பல்சக்கரம் கிடையாது.

ஆகவே மே மாதம் என்றால் சிம்லா. ஆனால் சமவெளியே அங்கு திரண்டுவரும் மாதம் அது. 2018 கோடையில் குடிநீருக்கே ஊர் தவித்தது. ஓரிரு இரவுகள் தங்கிவிட்டு நார்கண்டா பக்கம் நகர்ந்துவிடுவது மேல். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இரண்டுமே வேண்டாம்: 2023 ஆகஸ்டில் சிம்லாவின் சம்மர் ஹில்லில் ஏற்பட்ட மண்சரிவு ஒரு சிவன் கோயிலைப் புதைத்து, ரயில் தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிட்டது. ஆயுத பூஜை விடுமுறையில் டார்ஜிலிங் போவதற்கும் நான் ஆதரவாளன் அல்லன். வங்காளமே துர்கா பூஜைக்காக அங்கு ஏறிவரும் நேரம் அது, மழையும் முழுதாக விலகியிருக்காது. 2025 அக்டோபர் முதல் வாரப் பெருமழையில் டார்ஜிலிங் மாவட்டத்தின் மிரிக் பகுதியில் மண் சரிந்து உயிர்கள் பலியாயின. தீபாவளி கழிந்து நவம்பரில் நான்கு நாள் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் டார்ஜிலிங்குக்குத் தயங்காமல் சீட்டு எடுக்கலாம்.