டயானா 27-ஆ, பி.எஸ்.ஏ. ஏர்ஸ்போர்ட்டரா?

ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் அழுத்தும் காற்றால் சுடும் பழைய ஸ்பிரிங் ஏர்கன்களைச் சேர்க்க விரும்பும் நண்பர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்: ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் தயாரான டயானா 27, அல்லது 1948-இல் பர்மிங்காமிலிருந்து வெளிவந்த பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) ஏர்ஸ்போர்ட்டர். காட்பாடியில் வீட்டின் பின்புறம் பத்து மீட்டர் தொலைவில் மணல் மூட்டைகளை அடுக்கி இரண்டையும் பல ஆண்டுகளாகச் சுட்டுவருகிறேன். வேலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு டயானாவையே சொல்வேன்.

சுடுவதற்கு மட்டும் என்றால் ஏர்ஸ்போர்ட்டருக்கே முதலிடம். அதன் குழல் அசையாமல் நிலையாக இருப்பதால், குழலையே மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் டயானாவில் நாளடைவில் அந்தக் குழல் மடங்கும் மூட்டு தளர்ந்து குறி விலகுவது போன்ற தொல்லை அதில் இல்லை. ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலான எடையும் பிஸ்டனின் உதறலை நன்றாக அடக்குகிறது. முன்கட்டைக்குள் மறைந்திருக்கும் நெம்புகோலை இழுத்தவுடன் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) போடும் டேப், அதாவது தண்ணீர்க் குழாயில் இருப்பதுபோலச் சுழலும் அடைப்பு, தானாகத் திறந்துகொள்வது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

ஆனால் அந்த டேப்தான் அதன் பலவீனமும். உலோகத்தோடு உலோகம் உரசி நிற்கும் கூம்பு வடிவத் திருகு அது, வாஷர் கிடையாது. நான் வாங்கிய ஒன்றில் யாரோ டேப்பை எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். மெல்லிய டிஷ்யூ தாளின் கீற்றை டேப்பின் மேல் வைத்து மணல் மூட்டையை நோக்கிச் சுட்டபோது, தாள் துள்ளி விழுந்தது. பெல்லட்டைத் தள்ள வேண்டிய காற்று அங்கே கசிந்துகொண்டிருந்தது. தேய்ந்த கூம்பைச் சாதாரண லேத் பட்டறையில் சரிசெய்ய முடியாது.

டயானாவில் மூட்டு தளர்ந்தால் திருகை முடுக்கலாம். காற்று கசிந்தால் தோல் வாஷரை மாற்றலாம். தோலுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்குப் பெயர்பெற்ற பழைய வட ஆர்க்காட்டில், ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வெட்டித் தள்ளிய துண்டே போதும். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள துண்டை நனைத்து, அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, நிழலில் உலர்த்தி, விளிம்பைச் சீவி, எண்ணெயில் ஊறவைத்தேன்; பிஸ்டனின் தலையில் அது கச்சிதமாகப் பொருந்தியது. சித்திரை, வைகாசி வெயிலில் தோல் காய்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது ஓரிரு சொட்டு விட வேண்டும். அதிகமாக விட்டால் அழுத்தத்தில் எண்ணெய் பற்றிப் புகையும் வெடிச்சத்தமும் வரும்.

டயானாவின் டிரிக்கரைத் தனியாகச் சொல்ல வேண்டும். போருக்குப் பிந்தைய மாதிரிகளில் மூன்று எஃகு உருண்டைகள் பிஸ்டன் தண்டைப் பிடித்து நிறுத்துகின்றன. இரண்டு கட்டமாக இழுபடும் அதில் முதல் இழுப்பு முடியும் இடம் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். சிலிண்டரின் பின்பகுதியில் பொறித்துள்ள மாதமும் வருடமும் சேகரிப்பாளருக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

இரண்டுமே 4.5, 5.5 மில்லிமீட்டர் அளவுகளில் வந்தவை. இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உடையவற்றுக்கே உரிமம் தேவையில்லை என்பதால், விலை பேசும் முன் குழலில் பொறித்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் காகித இலக்கைத் தவிர வேறெதையும் குறிவைக்கக் கூடாது.

அப்படியும் ஏர்ஸ்போர்ட்டர்தான் வேண்டும் என்பவர், வாங்கப் போகும்போது டிஷ்யூ தாளையும் இரண்டு மூன்று வகை பெல்லட்டுகளையும் எடுத்துச் செல்லட்டும். எந்தப் பெல்லட்டைப் போட்டாலும் தாள் துள்ளினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.