ஆடி விடுமுறையில் மலையேற்றம்: நக்கிள்ஸா, ஊவாவா?

திருகோணமலையில் கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில், மலைநாட்டின் மேற்குச் சரிவு மழையில் நனைந்திருக்கும். நாலு நாள் நடக்க நினைக்கும் பத்துப் பேர் கிழக்குப் பக்கத்தைத்தான் பார்க்கவேண்டும். அங்கே இரண்டு வழி: நக்கிள்ஸ் மலைத்தொடரில் மீமுரே பள்ளத்தாக்கு, அல்லது ஊவா மாகாணத்தில், தேயிலை மலைகளூடே போகும் பீக்கோ நடைபாதையின் அப்புத்தளை, எல்லப் பகுதி.

தங்க:
மீமுரே – காட்டுக்குள் போனால் கூடாரம்தான்.
ஊவா – ஊருக்கு ஊர் விடுதி.

சுமை:
மீமுரே – அரிசி, பருப்பு, அடுப்பு, கூடாரம் எல்லாம் முதுகில். ஆளுக்கு 12 கிலோவைத் தாண்டினால் இறக்கத்தில் முழங்கால்தான் முதலில் சொல்லும்.
ஊவா – மாற்றுடுப்பும் 2 லீற்றர் தண்ணீரும் போதும்.

வழி:
மீமுரே – உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே வேண்டாம். மூடுபனி இறங்கினால் பாதை தெரியாது. மேலே மழை பெய்தால், கீழே வெயில் எரிக்கும்போதே ஓடை பெருகிவிடும். கயிறு இருந்தாலும் கடக்காதீர்கள், தண்ணீர் வடியக் காத்திருங்கள். ஈரம் பட்டால் அட்டை. நீளக் காலுறைக்கு வெளியே சவர்க்காரம் பூசுங்கள்.
ஊவா – தேயிலைத் தோட்டப் பாதை. தமிழில் வழி கேட்கலாம், அது பெரிய ஆறுதல்.

குளிர்: அப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேல். கடற்கரை உடம்புக்கு இரவில் கம்பளிச்சட்டை கட்டாயம். பலர் இதைத்தான் விட்டுவிட்டு வருகிறார்கள்.

புதிதாக நடப்பவர்கள், பிள்ளைகள் இருந்தால் ஊவா. அனுபவமுள்ள ஆறேழு பேர், காடுதான் வேண்டுமென்றால் மீமுரே. பத்துப் பேராய்ப் போனால் இரண்டு வழிகாட்டி பிடியுங்கள், ஒருவர் கடைசியில் நடக்க.